கணிப்பொறித் திரையில் நிறங்களும் பெயர்களும்

கணிப்பொறித் திரையில் நிறத்தைக் குறிப்பதற்கு வழக்கமாகக் கையாளப்படும் முறையில் 1,67,77,216 நிறங்களைத் தனித்தனியே சுட்டிக் காட்டலாம். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளும் 0 முதல் 255 வரை 256 படிகளில் ஏறி இறங்குகின்றன. 256ஐ மும்முறை பெருக்கினால் மேற்கூறிய தொகை கிடைக்கிறது. இத்தனை நிறங்களுக்கும் பெயர் சூட்ட எந்த மொழியிலும் சொற்கள் இல்லை. அவ்வாறு சூட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஒரு வங்கியின் கைப்பேசிச் செயலியோ, ஓர் அரசுத் துறையின் இணையப் பக்கமோ உண்மையில் எடுத்தாளுவன சில பத்து நிறங்களே. ஆயினும், அந்தச் சில பத்து நிறங்களுக்கு ஒழுங்காகப் பெயரிடுவதில் பல அமைப்புகள் இடர்ப்படுகின்றன. அந்த இடர்ப்பாட்டின் விளைவை அனுபவிப்போர் நிரல் எழுதுவோர் மட்டுமல்லர். திரையைப் பார்த்துச் செய்தி அறிய வேண்டிய எளிய மக்களும் ஆவர். எனவே இப்பொருளை நேயர்கள் அனைவரும் அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறோம்.

எண்ணும் டோக்கனும்

நிரலில் ஒரு நிறத்தைக் குறிக்க மிக எளிய வழி அதன் எண்ணை அப்படியே எழுதிவிடுவதாகும். ஒரு பொத்தானுக்கு ஒரு சிவப்பு வேண்டுமெனில், அச்சிவப்பின் எண்ணை அந்தப் பொத்தானுக்குரிய வரியில் எழுதினால் போதும். பத்துப் பொத்தான்கள் இருந்தால் பத்து இடங்களில் எழுதலாம். பக்கங்கள் ஆயிரமாகப் பெருகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அச்சிவப்பைச் சற்றே கருமையாக்க வேண்டுமென முடிவு செய்தால், அவ்வெண் வரும் இடங்களையெல்லாம் தேடிக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை மற்றொன்றும் உண்டு. ஒரு நிறுவனத்தின் முத்திரை நிறம் சிவப்பு. பிழையை அறிவிக்கும் நிறமும் அதே சிவப்பு என்று கொள்வோம். நாளை அந்நிறுவனம் தன் முத்திரை நிறத்தைப் பச்சையாக மாற்றுகிறது. எண்ணைத் தேடி மாற்றுகிறவர் இரண்டையும் ஒருசேர மாற்றிவிடுவார். ‘கடவுச்சொல் தவறு’ என்னும் அறிவிப்பு அன்று முதல் பச்சை நிறத்தில் தோன்றும். எண் ஒன்றேயாயினும் அதன் பணிகள் இரண்டு என்பதை எண் சொல்லாது, பெயர்தான் சொல்லும்.

இக்குறையைப் போக்க வந்ததே ‘வண்ண டோக்கன்’ என்னும் ஏற்பாடு. மருத்துவமனையிலும் வங்கியிலும் நாம் பெறும் டோக்கன், நமக்குப் பதிலாக வரிசையில் நிற்கிறது. அதுபோல வண்ண டோக்கன் என்பது, எண்ணுக்குப் பதிலாக நிரலில் நிற்கும் ஒரு பெயர். எண்ணை ஒரே இடத்தில் எழுதிப் பெயருடன் பிணைத்துவிடுகிறோம். ஏனைய இடங்களிலெல்லாம் பெயரையே வழங்குகிறோம். எண்ணை மாற்ற வேண்டின் அந்த ஓரிடத்தில் மாற்றினால் போதும். 2014ஆம் ஆண்டளவில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புக் குழுவினர் ‘டிசைன் டோக்கன்’ என்னும் தொடரை வழக்கிற்குக் கொணர்ந்தனர். இணையப் பக்கங்களின் தோற்றத்தை விதிக்கும் மொழியான சி.எஸ்.எஸ். முதன்முதலாக 1996 டிசம்பரில் வெளியிடப்பட்டபோது, எழுதுவோர் தாமே பெயர் சூட்டும் வசதி அதில் இல்லை. 2016ஆம் ஆண்டளவில் முக்கியமான உலாவிகள் பலவும் அவ்வசதியை ஏற்றுக்கொண்டன. அதன் பின்னர்ப் பெயரிடும் உரிமை எல்லோருக்கும் கிடைத்தது. உரிமை கிடைத்த அளவிற்கு ஒழுங்கு கிடைத்ததா என்பதே கேள்வி.

பழைய பட்டியல் தரும் பாடம்

ஒழுங்கின்றிப் பெயரிட்டால் என்ன நேரும் என்பதற்கு அந்தத் தோற்ற விதி மொழியிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. எழுதுவோர் சூட்டும் பெயர்களன்றி, மொழியிலேயே முன்கூட்டி அமைந்த நிறப்பெயர்கள் சில அதில் உண்டு. அப்பட்டியலில் ‘சாம்பல்’ என்று பொருள்படும் நிறத்தின் மூன்று ஒளிகளும் 128ஆம் படியில் நிற்கின்றன. ‘அடர்சாம்பல்’ என்று பொருள்படும் நிறத்தின் ஒளிகளோ 169ஆம் படியில் நிற்கின்றன. எண் கூடினால் ஒளி கூடும். ஆகவே அடர்சாம்பல் என்று பெயர் பூண்ட நிறம், வெறும் சாம்பலைவிட வெளிறியதாக இருக்கிறது!

இந்த வேடிக்கை எவ்வாறு நேர்ந்தது? அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் 1984இல் தோன்றிய ‘எக்ஸ்’ என்னும் திரைச்சாளர அமைப்பு தனக்கென ஒரு நிறப்பட்டியலை வைத்திருந்தது. அப்பட்டியலில் சாம்பல் 190, அடர்சாம்பல் 169. அங்கே பெயரும் பொருளும் பொருந்தியே இருந்தன. இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழி, 1997இல் பதினாறு நிறப்பெயர்களை வகுத்தபோது, சாம்பலுக்கு 128 என்னும் படியை அளித்தது. பின்னர் இரு பட்டியல்களையும் ஒன்றாக இணைத்தபோது, சாம்பலை ஒன்றிலிருந்தும் அடர்சாம்பலை மற்றொன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டனர். இரு குடும்பத்துப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி வயதுப்படி அழைத்ததுபோல் ஆயிற்று. பச்சைக்கும் இதே கதி நேர்ந்தது. எக்ஸ் அமைப்பில் பச்சை என்றால் பச்சை ஒளியின் முழு அளவு. இணையத்திலோ அதன் பாதியளவே பச்சை. முழு அளவுக்கு எலுமிச்சையின் பெயர் வழங்கலாயிற்று.

அப்பட்டியலை இனி மாற்ற இயலாது. எண்ணற்ற பக்கங்கள் அப்பெயர்களை நம்பி எழுதப்பட்டுவிட்டன. ஒரு பெயரைத் தவறாகச் சூட்டுவது ஒரு கணத்துச் செயல். அதைத் திரும்பப் பெறுவதோ ஒரு தலைமுறைக்கும் இயலாத செயலாகிவிடலாம். பட்டியல்களை ஒட்டவைப்பதற்கு முன்னர் அவற்றின் அளவுகோல் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

தோற்றப் பெயரும் பணிப் பெயரும்

நிறத்திற்குப் பெயரிட இருவழிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைக் கொண்டு ‘சிவப்பு’, ‘அடர்நீலம்’ என்று பெயரிடுவது ஒரு வழி. அந்நிறம் செய்யும் பணியைக் கொண்டு ‘பிழை அறிவிப்பு’, ‘பக்கப் பின்னணி’, ‘முதன்மை எழுத்து’ என்று பெயரிடுவது மற்றொரு வழி. நிரல்களில் இப்பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. பொருள் எளிதில் விளங்குமாறு நாம் அவற்றை இங்கே தமிழில் தருகிறோம்.

தோற்றப் பெயர் முதல் நாளில் இனிதாகவே இருக்கும். மாற்றம் வரும்போதுதான் அது பொய்யாகிவிடுகிறது. ‘நீலம்’ என்னும் பெயரின்கீழ் இருக்கும் எண்ணைப் பச்சையாக மாற்றினால், நிரல் முழுவதும் நீலம் என்று எழுதியிருக்கும்; திரையிலோ பச்சை தோன்றும். இத்தகைய மாற்றம் எப்போதோ ஒருமுறை நிகழ்வது என்று முன்னர்க் கருதினர். 2018இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறிகளிலும், 2019இல் ஐபோன்களிலும், அதே ஆண்டில் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ‘இருள் தோற்றம்’ என்னும் அமைப்பை முழுமையாகக் கொணர்ந்தபின் அந்த எண்ணம் தகர்ந்தது. பகலில் வெண்பின்னணியில் கருப்பு எழுத்து; பயனர் விரும்பினால் கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து. இம்மாற்றம் நாள்தோறும் நிகழ்கிறது. ‘வெள்ளை’ என்று பெயரிட்ட பின்னணி, மாலையில் கருப்பாக வேண்டும். ‘பக்கப் பின்னணி’ என்று பெயரிட்டிருந்தாலோ, பகலிலும் இரவிலும் அப்பெயர் உண்மையாகவே இருக்கும்.

அப்படியாயின் தோற்றப் பெயர்கள் வேண்டவே வேண்டாவோ எனின், வேண்டும். ஆனால் அவற்றிற்கு உரிய இடத்தில் வேண்டும். இதனை விளங்கிக்கொள்ள நம் நாட்டிலேயே ஓர் உவமை உண்டு. வண்ணப்பூச்சுகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5 என்பதாகும். அதில் ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் எண்ணும் ஒரு பெயரும் உண்டு. 537 என்பது சைகைச் சிவப்பு. 538 என்பது அஞ்சலகச் சிவப்பு. அப்பட்டியல் ஒரு களஞ்சியம். அதிலிருந்து எந்த நிறத்தை எந்தப் பொருளுக்குப் பூசுவது என்பதை அப்பட்டியல் விதிப்பதில்லை. ஒரு துறை தன் பணிமுறைக் குறிப்பில் ‘இப்பொருளுக்கு 538 பூசுக’ என்று எழுதும்போதுதான் நிறத்திற்குப் பணி பிறக்கிறது. களஞ்சியம் வேறு, பணி ஆணை வேறு. அஞ்சலகச் சிவப்பு என்னும் பெயர் இருக்கும் காரணத்தால் ஒருவர் தம் வீட்டுக் கதவுக்கு அதைப் பூசக்கூடாது என்பதில்லை. பூசியதனால் அவ்வீடு அஞ்சலகம் ஆகிவிடுவதும் இல்லை.

கணிப்பொறியிலும் இவ்வாறே இரு படிகளை அமைக்கின்றனர். அடிப்படியில் களஞ்சியம்; அதில் ‘சிவப்பு 600’, ‘நீலம் 200’ போன்ற தோற்றப் பெயர்கள். அதற்கு மேற்படியில் பணிப் பெயர்கள். ஒவ்வொரு பணிப் பெயரும் களஞ்சியத்திலுள்ள ஒரு நிறத்தைச் சுட்டும். பக்கங்களை எழுதுவோர் பணிப் பெயரை மட்டுமே எடுத்தாள வேண்டும். களஞ்சியத்திற்குள் நேரே கைவிடலாகாது. கூகுள் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘மெட்டீரியல்’ அமைப்பின் மூன்றாம் பதிப்பு இவ்விரண்டோடு மூன்றாம் படி ஒன்றையும் சேர்த்து, பொத்தான், பட்டியல் முதலிய தனி உறுப்புகளுக்கு எனப் பெயர்கள் வகுத்துள்ளது. சிறிய அமைப்புகளுக்கு இரு படிகளே போதும்.

களஞ்சியப் பெயர்களில் அடர்த்தியைச் சொற்களால் குறிப்பதைவிட எண்களால் குறிப்பதே மேல். ‘மென்நீலம்’, ‘மிக மென்நீலம்’ என்று தொடங்கியவர்கள், அவ்விரண்டிற்கும் இடையில் ஒன்று தேவைப்படும்போது சொல்லின்றித் தவிப்பர். 100, 200, 300 என்று இடைவெளி விட்டு எண்ணிட்டால், இடையில் ஒன்றைச் செருகலாம். பலராலும் கையாளப்படும் ‘டெயில்விண்ட்’ என்னும் தொகுப்பு 900 வரையில் எண்ணியிருந்த வரிசையில் 2023இல் 950 என்னும் படியைச் சேர்த்தது. பழைய எண் எதனையும் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. தெருவில் வீடுகளுக்கு இலக்கமிடுவோர் அறிந்த உபாயமே இது.

பெயருக்கும் இலக்கணம் உண்டு

பணிப் பெயர் என்பது ஒற்றைச் சொல்லாக அமைவது அரிது. ‘அபாயம்’ என்று மட்டும் சொன்னால், அபாய அறிவிப்பின் பின்னணியா, அதன் எழுத்தா, அதைச் சூழ்ந்த கோடா என்பது விளங்காது. எனவே பெயர் பல உறுப்புகளைக் கொண்ட தொடராகிறது. பள்ளியில் நாம் பயின்ற பகுபத உறுப்பிலக்கணத்தை இவ்விடத்தில் நினைவுகூரலாம். ‘நடந்தனன்’ என்னும் சொல்லில் பகுதி, இடைநிலை, சாரியை, விகுதி ஆகியன தத்தம் இடத்தில் நிற்கின்றன. இடம் மாறினால் சொல்லே இல்லை. வண்ண டோக்கனின் பெயரும் அவ்வாறே உறுப்புகள் இடம் மாறாது நிற்க வேண்டும்.

முதல் உறுப்பு, நிறம் எதன்மேல் படிகிறது என்பதைச் சொல்லும்: பின்னணி, எழுத்து, எல்லைக்கோடு, படக்குறி. இரண்டாம் உறுப்பு, என்ன பொருளை உணர்த்துகிறது என்பதைச் சொல்லும்: அபாயம், வெற்றி, எச்சரிக்கை, தகவல். மூன்றாம் உறுப்பு, எவ்வளவு அழுத்தம் என்பதைச் சொல்லும்: மென்மை, இயல்பு, வன்மை. நான்காம் உறுப்பு, எந்நிலையில் என்பதைச் சொல்லும்: சுட்டி மேலே நிற்கும்போது, அழுத்தும்போது, செயலற்றிருக்கும்போது. இம்முறைப்படி ‘பின்னணி–அபாயம்–மென்மை’, ‘எழுத்து–அபாயம்–வன்மை’, ‘பின்னணி–வெற்றி–வன்மை–அழுத்தும்போது’ என்னும் பெயர்கள் பிறக்கின்றன. உறுப்புகளின் இந்த வரிசைதான் சிறந்தது என்று நாம் வாதிடவில்லை. ‘அபாயம்–பின்னணி’ என்று தொடங்குவோரும் உளர். எவ்வரிசையாயினும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, இறுதிவரை அதிலிருந்து வழுவாதிருப்பதே இன்றியமையாதது. அவ்வாறிருந்தால், இரு பெயர்களை அறிந்தவர் மூன்றாம் பெயரைத் தாமே ஊகித்து எழுதலாம்; ஊகம் பொய்க்காது.

நிறங்கள் தனித்து வாழ்வதில்லை என்பதையும் பெயர் உணர்த்த வேண்டும். சிவந்த பெட்டியின்மேல் வெள்ளை எழுத்து என்றால் இரண்டும் ஓர் இணை. மெட்டீரியல் அமைப்பில் ஒவ்வொரு பரப்பு நிறத்திற்கும் ‘அதன்மேல்’ என்று பொருள்படும் முன்னொட்டுச் சேர்த்த இணைப்பெயர் ஒன்று உண்டு. ‘முதன்மை’ என்பது பரப்பு. ‘முதன்மைமேல்’ என்பது அப்பரப்பின்மேல் எழுதும் நிறம். பெயரைப் பார்த்த அளவிலேயே எது எதனோடு சேரும் என்பது தெரிகிறது. இணை பிரிந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

ஒரு பொருளுக்கு ஒரு சொல்

அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ள நாம் முதன்முதலாகக் கற்கும் விதி, ஒரு பொருளுக்கு ஒரு சொல்லையே வழங்க வேண்டும் என்பது. கவிதையில் ஒரே சொல்லை மீண்டும் சொல்வது குறையாகலாம்; சட்டத்தில் ஒரே பொருளுக்கு வேறு சொல்லை வைப்பதே குறை. சொல் மாறினால் பொருளும் மாறியது போலும் என்று படிப்பவர் கருதுவர். வழக்காடுவோர் அதைப் பற்றிக்கொள்வர். அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை மத்திய அரசு 1961இல் நிறுவியதற்கும் இத்தகைய ஒருமைப்பாடே நோக்கம். கணிப்பொறி இவ்விதியில் எந்த நீதிமன்றத்தையும்விடக் கண்டிப்பானது. அது ஒத்த பொருளை அறியாது. ஒத்த எழுத்தை மட்டுமே அறியும்.

அபாயம், ஆபத்து, பிழை, நெருக்கடி ஆகிய சொற்களுக்குள் உறவு உண்டு என்பதை மனிதர் அறிவர். இணைய உலகில் பெயர்பெற்ற தொகுப்புகளும் தத்தம் விருப்பப்படியே சொல்லைத் தேர்ந்துள்ளன. ‘பூட்ஸ்ட்ராப்’ அபாயம் என்கிறது. மெட்டீரியல் பிழை என்கிறது. அடோபி நிறுவனத்தின் ‘ஸ்பெக்ட்ரம்’ எதிர்மறை என்கிறது. தனித்தனியே நோக்கின் மூன்றும் சரியே. ஒரே வீட்டில் மூன்றும் குடியேறினால்தான் குழப்பம். ஒரு குழுவினர் ‘பின்னணி–அபாயம்’ என்று வகுத்திருக்க, புதிதாக வந்த ஒருவர் ‘பின்னணி–ஆபத்து’ என்று எழுதிவிட்டால், கணிப்பொறி அவரைத் திருத்துமா?

திருத்தாது என்பதே இதில் அஞ்சத்தக்க செய்தி. சி.எஸ்.எஸ். மொழியில், வகுக்கப்படாத ஒரு பெயரை எடுத்தாண்டால், மாற்று நிறம் எதுவும் உடன் குறிக்கப்படாத நிலையில், உலாவி பக்கத்தை நிறுத்துவதும் இல்லை. பயனருக்குப் பிழை காட்டுவதும் இல்லை. அந்த விதியைப் பயனற்றதாகக் கருதி வாளா இருந்துவிடுகிறது. எழுத்தின் நிறமாயின், அதைச் சூழ்ந்த பகுதியின் நிறத்தை ஏற்கும். பின்னணி நிறமாயின், நிறமே இன்றித் தெளிவாகிவிடும். இப்போது சிவந்த பெட்டியில் வெள்ளை எழுத்தை நினைத்துப் பாருங்கள். பெட்டியின் பெயர் பிழைபட்டுச் சிவப்பு மறைந்தது. எழுத்தின் பெயர் சரியாக இருந்தமையால் வெள்ளை நிலைத்தது. பக்கமோ வெண்மை. வெண்மையின்மேல் வெள்ளை எழுத்து! ‘உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, நாளைக்குள் மீண்டும் அளிக்கவும்’ என்னும் அறிவிப்பு அங்கேதான் இருக்கிறது, கண்டவர் எவரும் இலர். ஒரு சொல்லின் ஒத்த சொல்லை எழுதியதன் விலை ஒருவருடைய உதவித்தொகையாக முடியலாம்.

எழுத்துக்கூட்டலிலும் இதே கட்டுப்பாடு வேண்டும். தமிழில் கருப்பு என்றும் கறுப்பு என்றும் இருவகையாக எழுதுவதை நாம் காண்கிறோம். ஆங்கிலத்தில் சாம்பலைக் குறிக்கும் சொல்லுக்கும் அவ்வாறே இரு கூட்டல்கள் உண்டு. அமெரிக்கர் ‘ஏ’ எழுத்திட்டும், ஆங்கிலேயர் ‘ஈ’ எழுத்திட்டும் எழுதுவர். நம் நாட்டுப் பள்ளிகளில் பயில்வது ஆங்கிலேயர் முறை. கணிப்பொறி மொழிகளில் வழங்குவது பெரும்பாலும் அமெரிக்க முறை. ஆகவே இந்திய நிரலாளர் குழுக்களில் ‘கலர்’ என்னும் சொல்லே இருவகையாக எழுதப்படும் வாய்ப்பு மிகுதி. மொழியில் முன்கூட்டி அமைந்த சாம்பல் நிறப்பெயரை இரு கூட்டல்களிலும் உலாவி ஏற்கும். நாமே சூட்டிய பெயருக்கு அச்சலுகை இல்லை. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துங்கூட நாம் சூட்டிய பெயர்களில் வெவ்வேறாகவே கொள்ளப்படும். எனவே அமெரிக்கக் கூட்டல், சிறிய எழுத்து, உறுப்புகளுக்கிடையே சிறுகோடு என்பன போன்ற சில சில்லறை விதிகளை எழுதிவைத்துக்கொள்வது பெருநன்மை பயக்கும்.

நிறமே செய்தியாகும்போது

சில இடங்களில் நிறத்தின் பெயரே மக்கள் வழக்கில் செய்தியின் பெயராகிவிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் எச்சரிக்கைகளை நான்கு நிறங்களால் வகுக்கிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் நிலைமையைக் கவனித்து வருக. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்க. இங்கே தோற்றப் பெயரும் பணிப் பெயரும் ஒன்றாகிவிட்டன போலத் தோன்றும். ‘மஞ்சள்’ என்றே நிரலிலும் எழுதிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம்.

ஆனால் நடைமுறையை நோக்குவோம். வரைபடத்தில் ஒரு மாவட்டத்தை நிரப்ப வேண்டிய மஞ்சள் ஒன்று. அதே எச்சரிக்கையை வெள்ளைப் பக்கத்தில் எழுத்தாக எழுத அந்த மஞ்சள் பயன்படாது. ஏனெனில் தூய மஞ்சளுக்கும் வெண்மைக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டு விகிதம் 1.07 மட்டுமே. கண்ணுக்கு ஏதும் தெரியாது. எழுத்துக்குக் கருமை கலந்த வேறு நிறம் வேண்டும். இருள் தோற்றத்தில் இரண்டும் மீண்டும் மாறும். ஆகவே ‘பின்னணி–கவனநிலை’, ‘எழுத்து–கவனநிலை’, ‘எல்லைக்கோடு–கவனநிலை’ என்று பெயரிட்டுவிட்டால், மக்கள் காண்பது மஞ்சள் எச்சரிக்கையாகவே இருக்கும். நிரலில் ஒவ்வோர் இடத்திற்கும் தக்க மஞ்சள் அமையும். மழை பெய்யும் இரவில் கைப்பேசியைப் பார்க்கும் மீனவருக்கோ உழவருக்கோ ஆரஞ்சும் மஞ்சளும் குழம்பாமல் தெரிவது, எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் இட்ட பெயரைப் பொறுத்திருக்கிறது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் வேண்டிய வேறுபாட்டுக்கு அளவு உண்டு. வைய விரிவலைக் கூட்டமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 என்னும் விகிதத்தையும், பெரிய எழுத்துக்கு 3 என்னும் விகிதத்தையும் விதிக்கிறது. வெண்மைக்கும் கருமைக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய விகிதம் 21. வெண்பின்னணியில் 118ஆம் படிச் சாம்பல் எழுத்து 4.54 பெற்றுத் தேறுகிறது. 119ஆம் படி 4.48 பெற்றுத் தவறுகிறது. ஒரே ஒரு படி! இந்த நுண்ணிய எல்லையை ஆயிரம் பக்கங்களில் ஆயிரம் பேர் தனித்தனியே காத்தல் இயலாது. ‘எழுத்து–துணைநிலை’ என்னும் ஒரு பெயரின்கீழ் 118ஐ ஒருமுறை எழுதிவிட்டால், அதை எடுத்தாள்வோர் அனைவரும் தாம் அறியாமலே விதியைக் காத்தவராவர். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளிவந்தது. அதுவும் மேற்கூறிய அணுகல்தன்மை அளவுகளையே பின்பற்றுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று தீர்ப்பளித்தது. ஆகவே நிறத்தின் பெயர் அழகுக் கலையின் எல்லையைக் கடந்து உரிமையின் எல்லைக்குள் வந்துவிட்டது எனலாம். நிறத்தை மட்டுமே நம்பிச் செய்தி சொல்லலாகாது, சொல்லோ குறியோ உடன் இருக்க வேண்டும் என்பதும் அவ்வழிகாட்டியின் விதியே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் நம்மிடையே உளர்.

நடைமுறைக்குச் சில நெறிகள்

பெயர்களைப் பெருக்குவதும் ஒரு நோயே. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு பெயர் என்று சூட்டிக்கொண்டே போனால், சில பத்து நிறங்களுக்குச் சில நூறு பெயர்கள் தோன்றும். பெயர்ப் பட்டியலைத் தேடுவதைவிட எண்ணையே எழுதிவிடலாம் என்று பணியாளர் எண்ணத் தொடங்குவர். புதிய பெயர் எப்போது வேண்டும்? இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே மாற வேண்டிய நிலை உண்டாயின், அப்போது இரு பெயர்கள் வேண்டும். இரண்டும் என்றும் ஒன்றாகவே மாறுமாயின், ஒரு பெயரே போதும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே பெரும்பாலான ஐயங்கள் தீரும்.

பெயர்களின் பட்டியல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அது எங்கே வழங்கும், எங்கே வழங்கலாகாது என்பதை ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். கலைச்சொல் அகராதி இல்லாத மொழிபெயர்ப்பு அலுவலகம் எவ்வாறோ, அவ்வாறே இப்பட்டியல் இல்லாத நிரல். புதிய பெயரைச் சேர்க்கும் அதிகாரம் ஒரு சிறு குழுவினரிடம் இருத்தல் நலம். எவரும் கேட்கலாம், சிலரே சேர்க்கலாம். பட்டியலில் இல்லாத பெயரோ, நேரே எழுதப்பட்ட எண்ணோ நிரலில் நுழையுமாயின், அதனைத் தானே கண்டறிந்து தடுக்கும் சோதனைக் கருவிகள் உள்ளன. உலாவி வாளா இருந்துவிடும் குறையை இக்கருவிகள் ஈடுசெய்கின்றன.

பழைய பெயரை மாற்ற வேண்டியிருந்தால், ஒரே இரவில் மாற்றலாகாது. புதிய பெயரை நிறுவி, பழைய பெயர் புதியதைச் சுட்டுமாறு அமைத்து, ‘இப்பெயர் இனி வழங்கற்பாலதன்று’ என்று குறித்து, எல்லோரும் மாறியபின்னரே பழையதை நீக்க வேண்டும். ஊர்களின் பெயர் மாறும்போது சில காலம் இரு பெயர்களும் பலகையில் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். வடிவமைப்பாளரின் கருவியிலும் நிரலாளரின் கோப்பிலும் பெயர் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஒருவர் ‘முதன்மை’ என்றும் மற்றவர் ‘முத்திரை’ என்றும் சொன்னால், ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் உடன் இருக்க வேண்டியதுதான். இக்கருவிகளுக்கிடையே டோக்கன்களைப் பரிமாறிக்கொள்ளப் பொதுவானதொரு கோப்பு வடிவத்தை, வைய விரிவலைக் கூட்டமைப்பின்கீழ் இயங்கும் ஒரு சமூகக் குழுவினர் வகுத்துள்ளனர். அவ்வடிவம் கோப்பின் ஒழுங்கைத் தரும். பெயர்களின் ஒழுங்கை அது தராது. அதனை அந்தந்தக் குழுவினரே தேடிக்கொள்ள வேண்டும்.

சுருங்கக் கூறின், பெயர் தோற்றத்தைக் காட்டிலும் பணியைச் சொல்லுதல் வேண்டும். உறுப்புகள் இடம் மாறாது நிற்றல் வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லும் ஒரு கூட்டலுமே வழங்குதல் வேண்டும். இணைநிறங்கள் இணைப்பெயர் பெறுதல் வேண்டும். இவை நான்கும் கடினமான கலைகள் அல்ல. பொறுமையுள்ள எவரும் கடைப்பிடிக்கத் தக்க ஒழுக்கங்களே. நன்கு பெயரிடப்பட்ட நிறத்தைத் திரையில் காண்பவர் அப்பெயரை ஒருபோதும் அறியப்போவதில்லை. தாம் படிக்க வேண்டியதைத் தடையின்றிப் படித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்வார். பெயரிட்டவரின் உழைப்புக்கு அதுவே பயன்.